அதியமான் என்றொரு பெயர்

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்மரக் காடாக, ரப்பர் தோட்டமாக இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு அந்த வரிசையும் தெரியும். முனியாண்டி, காளிமுத்து, மாரிமுத்து, வீராசாமி, மறுபடியும் ஒரு முனியாண்டி. ஒரே பேரில் மூன்று பேர் இருந்தால் நெட்டை, குட்டை, கறுப்பு என்று அடைமொழி சேர்த்துப் பிரித்துக்கொள்வார்கள். பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் சாமியையும் கூப்பிட்டதாகட்டும் என்று வைத்த பெயர்கள். எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு.

ஆனால் அந்த வரிசையில் 'அதியமான்' என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு அதியமான் இருந்தாலே அதிசயம். அந்தப் பெயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் பொருள். அதியர் என்பது ஒரு குலம். தகடூரை ஆண்டவர்கள். தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. அதியர் குலத்து மகன் அதியமகன். பேச்சுவழக்கில் தேய்ந்து அதியமான். சேரர் மகன் சேரமான் ஆனது போல. காட்டில் துள்ளி ஓடுகிற மானுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைக்கு இந்தப் பெயர் வைத்த பெற்றோரே மான் படம் போட்டுப் பிறந்தநாள் அழைப்பிதழ் அடித்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் இன்னொரு முறையும் சொல்கிறேன். மான் என்றால் இங்கே மகன்.

சரி, ஏன் இது அரிதாக இருக்கிறது? அந்தக் குலத்துச் சங்ககால அரசன் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய பாட்டுகள் நெடுங்காலம் ஏட்டுச்சுவடியில்தான் இருந்தன. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894-இல். அதற்குப் பிறகு 1916-இல் மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம். இந்தப் பக்கம் 1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்து போனார். 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழ். 1952-இல் அதன் நிறுவனர் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். அந்தக் காற்று அடித்த பிறகுதான் தோட்டத்து லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இளங்கோ, கபிலன், அன்பழகன், செங்குட்டுவன் எல்லாரும் பிறந்தார்கள். அதியமான் மட்டும் அந்தக் கூட்டத்தில் பின்தங்கிவிட்டான். அதற்கு ஒரு காரணம் எனக்கு என் வீட்டிலேயே தெரியவந்தது.

என் அக்காவுக்குத் தலைப்பிள்ளை ஆண்பிள்ளை. தாய்மாமன் என்ற உரிமையில் அதியமான் என்று வைக்கச் சொன்னேன். அக்காவின் மாமியார் முகம் சட்டென்று வாடிவிட்டது. "என்னா தம்பி இது, எமன் பேரு மாதிரியில்ல கேக்குது? பச்சப்புள்ளைக்குப் போயி..." என்றார்.

நேயர்களே, கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அதி, யமான். பழக்கமில்லாத காதுக்கு அப்படித்தான் விழும். காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை அது. அந்த அம்மாளின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அத்தே, இவன் எமனுக்கே வழிமறிச்சவன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். ஏற முடியாத மலை. அதன் வெடிப்பில் ஒரு நெல்லிமரம். அதில் ஓர் அரிய கனி. தின்றவருக்கு ஆயுள் நீளும். அதைக் கொண்டுவந்த அதியமான் தான் தின்னவில்லை. ஔவையார் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அதன் மகிமை என்ன என்று வாயைத் திறக்கவில்லை. அவர் தின்ற பிறகுதான் விஷயமே தெரிந்தது. 'சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே' என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் 91-ஆம் பாட்டு. நீலகண்டனைப் போல நீ நிலைத்திரு என்று வாழ்த்துகிற பாட்டும் அதுதான்.

அந்த அம்மாள் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லாமலேயா குடுத்தான்?" என்றார். ஆமாம் அத்தே என்றேன். "சொல்லியிருந்தா அந்தப் பொம்பள வாங்கியிருக்க மாட்டா" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பாட்டின் உயிரை அப்படியே பிடித்துவிட்டார். அதன் பிறகு பெயரில் தகராறு இல்லை. லயத்தில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நெல்லிக்கனிக் கதையை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று, இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். 99-ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் முன்னோரைப் பற்றி, பெறுவதற்கு அரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்கிறார். நம்மவர்கள் மலாயாவுக்கு ரப்பருக்காகத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறோம். ரப்பருக்கு முன்னாலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், பினாங்குப் பக்கத்துச் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்திறங்கியவர்கள் உண்டு. கரும்பைக் கொண்டுவந்த குலத்தின் பெயர், கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எப்படி அந்நியமாகும்? அதோடு, "எங்க தாத்தா சேலம் ஜில்லா" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. உங்களில் சிலர் அதியமான் ஊர்க்காரராகவே இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இது வெறும் பாட்டுக் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அசோகச் சக்கரவர்த்தி தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்று ஒருவரைச் சொல்கிறார். அது யார் என்று அறிஞர்கள் நெடுநாள் வாதாடினார்கள். 1981-இல் திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஜம்பை என்ற ஊர்ப் பாறையில் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ என்ற அந்தப் பட்டத்தை முன்னால் வைத்து, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது தங்குமிடம், என்கிறது அந்தக் கல்வெட்டு. அங்கேயும் அவன் கொடுத்ததைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள். கேரளபுத்திரர் சேரமான், சத்தியபுத்திரர் அதியமான். ஆக, நம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் கூப்பிடும் இந்தப் பெயர் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது.

101-ஆம் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல நாள், பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும், முதல் நாள் காட்டிய அதே பிரியத்தோடு வரவேற்பானாம். வீட்டுக்கு விருந்தாளி வந்து ஒரு வாரம் தங்கியவர்களுக்கு இந்த வரியின் அருமை புரியும்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஓரி, காரி, நள்ளி என்ற மற்ற வள்ளல்களின் பெயர்களுக்கும் வரலாம் என்றிருந்தேன், முடியாது. மிச்சம் ஒன்றே ஒன்று. பிறப்புப் பதிவுப் படிவத்தில் பெயரை ரோமன் எழுத்தில்தான் எழுதவேண்டும். டி-யோடு எச் சேர்த்து எழுதுங்கள். வெறும் டி போட்டால் பிள்ளை பள்ளியில் அட்டியமான் ஆகிவிடுவான். நடுவில் ஐ, ஒய் இரண்டும் வேண்டும். பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள், முகப்பில் இருப்பவர் பார்த்து அப்படியே தட்டச்சு செய்வார். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். நன்றி, வணக்கம்.