11 வயதில் நாய்க்கு முதல் வலிப்பு: முதுமை என்று விட்டுவிடலாமா?

அடுத்தது திருச்சியிலிருந்து ஒரு அம்மாவின் கேள்வி. "எங்கள் லேப்ரடாருக்கு 11 வயது. இந்த மாதம் முதல் தடவையாக வலிப்பு வந்தது, அதுவும் இரண்டு முறை. ராத்திரியில் தூங்காமல் வீட்டைச் சுற்றுகிறது, சுவரைப் பார்த்து நிற்கிறது. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். சரியா டாக்டர்?"

பாதி சரி அம்மா. ராத்திரி உலாத்துவது, பழகின நாய் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போவது எல்லாம் முதுமை மறதியில் உண்டு. வலிப்பை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பரம்பரையாக வருகிற வலிப்பு நோய் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் நடுவில் தலைகாட்டிவிடும். 11 வயதில் முதல் வலிப்பு என்றால் எனக்கு மூளைக் கட்டி ஞாபகம் வரும். கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை குறைவது இவற்றையும் பார்க்க வேண்டும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. அதில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. செலவுதான், மறைக்கவில்லை.

வலிப்பு முடிந்ததும் சில மணி நேரம் நாய் கண் தெரியாதது போல மோதும், பேய்ப்பசி எடுக்கும். அது தானே தெளிந்துவிடும். இரண்டு வலிப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சுவரைப் பார்த்து நிற்பது வேறு, நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பது வேறு. இரண்டாவது என்றால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் தேடுகிற பழக்கம் நமக்கு. நாய் வாயில் எதையும் திணிக்க வேண்டாம், அது நாக்கை விழுங்காது, உங்கள் விரல்தான் போகும். மணியைப் பாருங்கள், செல்போனில் வீடியோ எடுங்கள். இதயக் கோளாறில் மயங்கி விழுவதும் பார்க்க இப்படியே இருக்கும், பிரித்துச் சொல்ல டாக்டருக்கு வீடியோ உதவும். 5 நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

வலிப்பை அடக்க பீனோபார்பிட்டால் மாத்திரை எழுதிக் கொடுத்தால் முதல் இரண்டு வாரம் பின்னங்கால் தள்ளாடும், தண்ணீர் நிறையக் குடிக்கும். ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு முன்னைவிடப் பலமாகத் திரும்பும்.

இன்று ராத்திரி ஒன்று கவனியுங்கள். வீட்டைச் சுற்றுகிறது என்றீர்களே, ஒரே பக்கமாகவா? மூளையில் கட்டி இருந்தால் பெரும்பாலும் அது இருக்கிற பக்கமாகத்தான் நாய் வட்டமடிக்கும். இடமா வலமா என்று குறித்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.