காலி நாற்காலிக்கும் ஓட்டா? 1860 சார்ல்ஸ்டன் கூத்து

வணக்கம் மக்களே. மொட்டைமாடியில் மழை, அதனால் இன்று சமையலறை. குக்கர் விசில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் புத்தகம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய அரசியல். பழைய புத்தகக் கடையில் 600 சொன்னார்கள், நான் 300ல் ஆரம்பித்து 380க்கு முடித்தேன். பேரத்தில் நான் ஜெயித்ததே கிடையாது, உங்களுக்குத்தான் தெரியுமே! பெருமையாக வீட்டுக்கு வந்து பிரித்தால் 214ஆம் பக்கத்துக்கு அடுத்து 221. நடுவில் மூன்று தாளைக் காணோம். 380 ரூபாய்!

சரி, கதைக்கு வருகிறேன். 1860 ஏப்ரல், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. முன்னணியில் இருந்தவர் ஸ்டீபன் டக்ளஸ். அலபாமாக்காரர் யான்சியோடு தென் மாநிலப் பிரதிநிதிகள் சுமார் 50 பேர் வெளிநடப்பு செய்தார்கள். எதிர்ப்பவர்கள் போய்விட்டால் டக்ளஸுக்கு நல்லதுதானே? அதுதான் இல்லை. வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அவைத்தலைவர் கேலப் குஷிங், உள்ளே இருப்பவர்களை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, மொத்தம் 303ல் 202 வேண்டும் என்றார். போனவன் நாற்காலியும் டக்ளஸுக்கு எதிராக ஓட்டுப் போட்டது! போன வீடியோவில் நான் ‘வந்திருந்தவர்களில்’ என்று சொன்னது தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். 57 முறை வாக்கெடுப்பு. டக்ளஸ் 150ஐச் சுற்றியே நின்றார். வேட்பாளரே இல்லாமல் கலைந்தார்கள்.

அய்யோ, சண்டை எதற்கு என்பதையே சொல்லவில்லை. இன்னும் மாநிலமாகாத மேற்குப் பகுதிகளில் அடிமைமுறையை மத்திய அரசே காப்பாற்ற வேண்டும், அதைக் கட்சி அறிக்கையில் எழுது என்றார்கள் தெற்கத்தியர்கள். டக்ளஸ், அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்பவர். அவரை நல்லவராக்கும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொன்ன ‘மக்களில்’ அடிமைகள் கிடையாது.

ஜூனில் பால்டிமோரில் மறுபடி கூடினார்கள், மறுபடி வெளிநடப்பு. உள்ளே இருந்தவர்கள் டக்ளஸை நிறுத்தினார்கள். போனவர்கள் துணை அதிபர் பிரெக்கின்ரிட்ஜை நிறுத்தினார்கள். நவம்பரில் எதிரணியான குடியரசுக் கட்சியின் லிங்கன் 40 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் ஜெயித்தார்.

கட்சி உடையாமல் இருந்தால் லிங்கன் தோற்றிருப்பார் என்கிறார்களே, அதை நேற்று ராத்திரி நோட்டில் போட்டுப் பார்த்தேன். வேறொரு கட்சியில் நின்ற ஜான் பெல் ஓட்டையும் சேர்த்து, லிங்கனை எதிர்த்த மூன்று பேர் ஓட்டையும் ஒருவருக்கே கொடுங்கள். அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குதான். கலிபோர்னியாவின் 4, ஓரிகனின் 3, நியூ ஜெர்சியில் கிடைத்த 4, இவ்வளவுதான் லிங்கன் கையை விட்டுப் போகும். 180 தேர்வாளர் வாக்கு 169 ஆகும். தேவை 152. இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்துவிட்டேன், சண்டைக்கு வராதீர்கள்.

இதோ விசில். ஒன்று விட்டுவிட்டேன்: டிசம்பர் 20ஆம் தேதி தென் கரோலினா நாட்டை விட்டுப் பிரியும் தீர்மானத்தில் கையெழுத்திட்டதும் இந்தக் கூட்டம் நடந்த அதே சார்ல்ஸ்டன் மண்டபத்தில்தான். பால்டிமோரில் கூட்டத்தின் நடுவே அரங்கத்தின் தரை வேறு இடிந்து விழுந்தது. அதை விரிவாகப் படிக்கலாம் என்றால், காணாமல் போன தாள்கள் சரியாக அந்த இடம்!