தூக்கம் வராத ராத்திரிக்கு நான்கு வரி

நேயர்களுக்கு வணக்கம். ராத்திரி ஒரு மணிக்கு விழிப்புத் தட்டி, அப்புறம் கண்ணே மூடாமல் புரண்டுகொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பக்கத்தில் படுத்திருப்பவர் குறட்டை விடுவார். கேட்கக் கேட்க நமக்கு எரிச்சல் ஏறும். அந்த நேரத்துக்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. குறுந்தொகையில் ஆறாவது பாட்டு, பதுமனார் பாடியது. பேசுகிறவள் தலைவி, அதாவது காதலி. நான்கே வரி.

நள்ளென் றன்றே யாமம் சொல்அவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவுஇன்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

முதல் இரண்டு தடவை அர்த்தம் தேடாமல் வாய்விட்டுப் படியுங்கள். 'நள்' என்பது நள்ளிரவில் இருக்கிற அதே நள். 'சொல்அவிந்து' என்பதைச் 'சொல்ல' என்று இழுத்துவிடாதீர்கள். சொல், அவிந்து என்று பிரியும். விளக்கு அவிந்தது என்கிறோமே, அந்த அவிதல். ஊரில் பேச்சு விளக்கு மாதிரி அணைந்துபோயிற்று. அடுத்தது, நிறையப் பேர் சறுக்குகிற இடம்: 'முனிவுஇன்று'. இந்த 'இன்று' இன்றைக்கு இல்லை. இல்லாமல் என்று பொருள். வெறுப்பே இல்லாமல் அகன்ற உலகம் தூங்குகிறது. நான் ஒருத்திதான், 'மன்ற', நிச்சயமாக, தூங்கவில்லை.

மூன்றாவது வரியைக் காதால் கவனியுங்கள். மற்ற வரிகளில் நாலு சீர், இதில் மூன்றுதான். நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின வரி, அப்படித்தான் குறையும். இலக்கணம் கிடக்கட்டும். 'துஞ்சும்' என்றதும் ஒரு மூச்சு நிறுத்திப் பாருங்கள், அந்தக் காலியிடத்தில் ஊரே தூங்கும். அப்புறம்தான் 'ஓர்யான்'. ஏன் தூங்கவில்லை என்று இந்த நான்கு வரியில் அவள் சொல்லவே இல்லை. அதனால்தான் கடன்காரனுக்குப் பயந்து விழித்திருப்பவரும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

உரையை முதலில் படிக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், உரை அப்புறம். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பில் பதவுரை இருக்கிறது. நீங்கள் தடுக்கிய சொல்லுக்கு மட்டும் அங்கே போனால் போதும். திணை, துறையில் தொடங்கினால் பரீட்சை ஞாபகம் வந்து புத்தகம் மூடிவிடும். குறுந்தொகையில் மொத்தம் 401 பாட்டு. நாளுக்கு ஒன்றே ஒன்று. பத்தை ஒரே மூச்சில் படித்தால் எல்லாத் தலைவியும் ஒருத்தியாகிவிடுவாள். நாலு பேர் கூடிப் படித்தால் ஒருவர் கையில் மட்டும் புத்தகம் இருக்கட்டும். மற்றவர்கள் காதால் வாங்கட்டும்.

இன்னொன்று, இந்தப் புலவர்கள் சிலருக்குப் பேரே தொலைந்துபோயிற்று. பாட்டில் வந்த தொடரையே பேராக வைத்துவிட்டார்கள். அணிலாடு முன்றிலார்! ஜனங்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. காதலர் பிரிந்தால் நானும் அந்த வீடுபோல என்கிறாள் அவர் பாட்டின் தலைவி. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு இதற்குப் பதவுரை வேண்டாம். ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், செம்புலப்பெயனீரார்... சொல்லிக்கொண்டே போகலாம், நேரம் ஆகிவிட்டது.

சிற்பம் பற்றிப் பேச நினைத்தது இரண்டு மூன்று வாக்கியம்தான் மிஞ்சுகிறது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த 1011ஆம் ஆண்டு ரிஷபவாகனர், காளைமேல் கை சாய்த்து நிற்கிற சிவன், இருக்கிறார். பத்து நிமிஷம் அவர் எதிரிலேயே நில்லுங்கள். காளை இப்போது இல்லை, அதன்மேல் சாய்ந்த கை மட்டும் அப்படியே சாய்ந்திருக்கிறது. வணக்கம்.