கூர்நோக்கு இல்லத்துப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

பதினெட்டு வயது நிறையாத பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டால், பல வீடுகளில் முதலில் நடப்பது கதவைச் சாத்திக்கொள்வது. யார் கேட்டாலும் "மாமா வீட்டுக்குப் போயிருக்கான்" என்று ஒரு பதில். நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவமானம் யாருக்கும் புரியும். ஆனால் அந்த அவமானத்தில் பையனையே மறந்துவிடுகிற வீடுகளைப் பார்த்ததால்தான் இன்று பேச வந்தேன்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். ஜாமீன் கிடைக்காத பிள்ளைதான் விசாரணை முடியும்வரை கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். சட்டத்தின் பார்வையில் அவன் இன்னும் குற்றவாளி ஆகவில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் இதை முதலில் நம்ப வேண்டும்.

சரி, மனு பார்க்க, அதாவது அவனை நேரில் சந்திக்கப் போகிறீர்கள். பார்வை நேரத்தையும் என்ன அடையாள அட்டை வேண்டும் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று ஆரம்பிக்காதீர்கள். கிடைக்கிற கொஞ்ச நேரம் அழுகையிலேயே போய்விடும். வழக்கு விவரத்தை வக்கீலிடம் பேசுங்கள். சுற்றிலும் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் அது வேண்டாம். அவனிடம் சாப்பாட்டைக் கேளுங்கள், தூக்கத்தைக் கேளுங்கள். யாராவது அடித்தார்களா என்று கேளுங்கள். அவன் தலையைக் குனிந்தால், குழுமத்தில் அதைச் சொல்லுங்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நாளில் போய்விடுங்கள். பார்வை நாளில் பெயர் கூப்பிடப்படாமல் காத்திருக்கும் பையன்களைப் பார்த்தவன் சொல்கிறேன், சொன்ன நாளில் போய்விடுங்கள்.

எல்லோராலும் போக முடியாது என்பதும் தெரியும். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. அதற்குத்தான் கடிதம். செல்போன் காலத்தில் கடிதமா என்பீர்கள். உள்ளே இருப்பவன் கையில் செல்போன் கிடையாது. அலுவலர் அனுமதித்தால், அவர் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் போனில் பேசலாம், அவ்வளவுதான். கடிதத்தை அவன் ராத்திரி திரும்பவும் எடுத்துப் படிக்கலாம்.

ஒரு பையனைச் சொல்கிறேன். அம்மா இல்லை. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். "அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்பாயிக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டிக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண்ணைத் திண்ணையில் உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுத வைத்தார். புத்திமதி ஒரு வரி இல்லை. ஆடு குட்டி போட்டது, இரண்டும் கிடா. மழையில் கூரை ஒழுகியது. கோயில் கொடைக்கு வரி வசூல் பண்ணினார்கள். கடைசியில் ஒரு வரி: "உன் சைக்கிளுக்கு அப்பன் பஞ்சர் ஒட்டி வெச்சிருக்கான்."

இல்லத்துக்கு வரும் கடிதங்களை அலுவலர் படித்துப் பார்க்கலாம், விதியில் இடம் உண்டு. அப்படித்தான் எனக்கும் அது தெரிந்தது. பையன் அதைக் கையிலேயே வைத்திருந்தான். அப்புறம் பதில் எழுதினான். அதில் அப்பாவுக்கு ஒரே ஒரு செய்தி: பின் டயரும் தேய்ந்திருக்கு, பார்க்கச் சொல்லு. அடுத்த பார்வை நாளுக்கு அப்பா வந்தார். இருவரும் பேசியது முழுக்க சைக்கிளைப் பற்றித்தான். டயர் என்ன விலை, செயின் ஏன் கழலுகிறது. பேசட்டும் என்று நான் நகர்ந்துகொண்டேன்.

பிள்ளை எழுதும் கடிதத்துக்குத் தபால் செலவை இல்லமே ஏற்க வேண்டும். உங்களுக்குப் பதில் வரவில்லையென்றால் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காவலில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஐ.நா. சபை 1990இல் ஏற்ற ஹவானா விதிகள், வாரம் ஒரு சந்திப்பு, குறைந்தது மாதம் ஒன்றாவது வேண்டும் என்கின்றன. இன்றும் சில இடங்களில் தாய்மார்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார்கள். ஒரு பெஞ்சும் குடிதண்ணீரும் வைக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

இன்னொன்று. பிரார்த்தனை செய்யுங்கள் என்று பையன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவன் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது.

நேரம் முடியப் போகிறது. விடுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். தேர்வு, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், சாவு, பெற்றோருக்குக் கடுமையான நோய் என்றால், 98ஆம் பிரிவின்படி குழுமம் அவனை மேற்பார்வையோடு வெளியே அனுப்பலாம். பொதுவாக 7 நாள் வரை, பயண நேரம் தனி. மனு கொடுத்தால்தான் கிடைக்கும். மனு எழுத வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். உதவி இலவசம். வணக்கம்.