கல்யாணப் படம் எடுத்த லென்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறேன். பழைய கேமராக்களைப் பற்றி ஆறு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டில் 41 கேமரா இருக்கிறது, ஆறு நிமிடம் எந்த மூலைக்கு என்று தெரியவில்லை. பார்ப்போம்.

நான் பிறந்தது லயத்து வீட்டில். அப்பா, அம்மா இரண்டு பேரும் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர்கள். எங்கள் தோட்டத்தில் சொந்தமாகக் கேமரா வைத்திருந்தவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா ஒருவர்தான். மற்றவர்களுக்குப் படம் என்றால் கல்யாணம், இல்லையென்றால் அடையாள அட்டை. 1948 ஜூனில் எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். எங்கள் பாட்டி வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுதான். அதைப் பெரிதாக்கித்தான் இன்று மாலை போட்டு வைத்திருக்கிறோம். அதனால் பழைய கேமரா ஒன்று கைக்கு வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது, இது யார் யார் முகத்தைப் பார்த்திருக்கும் என்பதுதான்.

சரி, ஒரு கதை சொல்கிறேன். பட்டணத்தில் எங்கள் எல்லாருக்கும் கல்யாணப் படம் எடுத்த ஸ்டூடியோ ஒன்று இருந்தது. கடையை மூடும்போது அந்தப் பெரியவரின் மகன் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். 1964ல் வெளிவந்த ரகம். கூடவே 50 மில்லிமீட்டர் சூப்பர் டாக்குமார் லென்ஸ். ஷட்டர் இறுகிப்போயிருந்தது. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தால் தே ஓ நிறம், பால் ஊற்றாத தேநீர் மாதிரி. “கண்ணாடி கெட்டுப்போச்சு அண்ணே, அலமாரியில அழகுக்கு வச்சுக்குங்க” என்றார் மகன். உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும், “வெளியூர்க் கல்யாணத்துக்கெல்லாம் அதைத்தான் தூக்கிக்கிட்டுப் போவேன்” என்றார். எங்கள் அம்மா கல்யாணம் 1972ல், தோட்டத்து மாரியம்மன் கோயிலில். படம் எடுத்தவர் அவர்தான். அதற்கு மேல் நான் விலை பேசவில்லை.

அந்த நிறம் கெட்டுப்போனதால் வந்தது இல்லை, நேயர்களே. ஒளியை நன்றாக வளைப்பதற்காக அந்தக் காலத்தில் சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்தார்கள். அதன் மெல்லிய கதிர்வீச்சே வருடக்கணக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்கிவிடுகிறது. வைத்திருப்பதில் பயம் வேண்டாம், உடைத்துத் தேய்க்காமல் இருந்தால் போதும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பின்பக்கம் அலுமினியத் தாள் சுற்றிச் சன்னலோரம் வைத்தேன். தாள் சுற்றாமல் வைக்காதீர்கள், திரைச்சீலை பற்றிக்கொள்ளும். சில வாரத்தில் தே ஓ போய், எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி ஆனது.

திரைச்சீலை பற்றும் என்றேன் அல்லவா? ரப்பர் இலை உதிரும் காலத்தில் பூதக்கண்ணாடியை வைத்துச் சருகைக் கொளுத்தாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் சூரியன் ஊசிமுனை மாதிரி ஆகிப் புகை வரும். லென்ஸ் விஷயமும் அதுவேதான். என் டாக்குமார் எம்42 என்ற மரை வகை. 42 மில்லிமீட்டர் அகலம், போத்தல் மூடி போலத் திருகி மாட்டுவது. அது ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பழைய கேமராவுக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்று எழும்பி விழ இடம் தேவைப்பட்டதால் அவ்வளவு தூரம். இப்போது வரும் மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. என் சோனியில் தூரம் 18 மில்லிமீட்டர்தான். மிச்சம் 27.46. அந்த இடைவெளியை ஓர் அடாப்டர் வளையம் நிரப்புகிறது. வெறும் உலோகக் குழாய். மறுபடியும் சொல்கிறேன், உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத வளையமாக வாங்குங்கள். 50 வெள்ளிக்குள் கிடைக்கும்.

நிக்கானின் பழைய வகைக் கேமராவில் இதே லென்ஸை மாட்டினால் நடப்பது வேறு. அங்கே தூரம் 46.5. ஒரு மில்லிமீட்டர்தான் கூடுதல், ஆனால் அதில் தூரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மலை மங்கிப்போகும். பக்கத்து முகம் மட்டும் தெளியும்.

அப்புறம், பழைய லென்ஸை மிரர்லெஸ் கேமரா அடையாளம் காணாது. அதனால் அதன் மெனுவில் “லென்ஸ் இல்லாமல் ஷட்டர்” என்பதைத் திறந்துவிட வேண்டும். ஃபோகஸ் கையால்தான்.

முதல் படத்துக்கு அம்மாவை அதே கோயில் வாசலில் உட்கார வைத்தேன். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருகினேன். முதலில் தூண் தெளிந்தது, அப்புறம் காதுத் தோடு, அப்புறம் கண். அம்மா அசையவே இல்லை. “அன்னிக்கும் இப்படித்தான், ரொம்ப நேரம் கண்ண மூடாதம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு” என்றார். அந்தப் படத்தையும் 1972 படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டிலும் அந்தக் கண்கள் ஒரே மாதிரி விரிந்திருக்கின்றன. பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பூசணத்தைப் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு ஈரம்தான் லென்ஸுக்கு எமன். உள்ளே சிலந்தி வலை மாதிரி படர்ந்தால் அது பூசணம். விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் தாத்தா கேமரா தோலுறையில் இருந்தால் இன்று இரவே வெளியே எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரப்பதம் 40லிருந்து 50 விழுக்காடு இருந்தால் நல்லது. கேமராவுக்குள் ஃபிலிம் இருக்கலாம், பின்மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.