யார் விரல் நீட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கடலே இல்லாத ஊரிலிருந்து ஒரு துறைமுகத் தொழிலாளர் தலைவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நமக்குப் பெரிய தண்ணீர் என்றால் ஒகேனக்கல், விட்டால் கிருஷ்ணகிரி அணை. ஆனாலும் ஹாரி பிரிட்ஜஸ் என்ற அந்த மனிதர் எனக்குப் புரிந்தது பாலக்கோட்டை வைத்துத்தான்.

என் அப்பா அங்கே மண்டியில் புளி மூட்டையும் கேழ்வரகு மூட்டையும் ஏற்றி இறக்கியவர். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் துண்டு, இடுப்பில் கொக்கியோடு போய் நிற்பார். மேஸ்திரி வந்து, "நீ வா, நீ வா" என்று விரலை நீட்டுவார். விரல் படாதவர்கள் அடுத்த லாரி வரும்வரை டீக்கடை ஓரம் குந்தியிருப்பார்கள். பீடிக்கட்டு வாங்கிக் கொடுத்தவன் பக்கம் விரல் சீக்கிரம் திரும்பும். அப்பா அப்படிக் கொடுத்ததே இல்லை என்று சொல்ல ஆசைதான். கொடுத்திருக்கிறார்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்திலும் அன்று இதே கதைதான். அங்கேயும் கொக்கி, அங்கேயும் விடியற்காலைக் கூட்டம், அங்கேயும் மேஸ்திரிக்குக் கையூட்டு. பீடிக்குப் பதில் சாராயம், அவ்வளவுதான் வேறுபாடு. 1901இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்த பிரிட்ஜஸ், பதின்வயதிலேயே கப்பலேறி, 1920இல் அமெரிக்கா வந்தார். 1922 முதல் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்றார். அங்கே ஒரு சங்கமும் இருந்தது, முதலாளிகளே நடத்திய சங்கம்!

1934 மே 9 அன்று மேற்குக் கடற்கரை நெடுகத் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் சுட்டதில் ஹோவர்ட் ஸ்பெர்ரி, நிக் போர்டோய்ஸ் என்ற இருவர் இறந்தார்கள். அவர்களின் இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் நடந்தார்கள். அடுத்த வாரம் நகரமே நான்கு நாள் வேலையை நிறுத்தியது.

அக்டோபரில் நடுவர் குழுவின் தீர்ப்பு வந்தது. மணிக்கு 95 சென்ட் கூலி, ஆறு மணி நேர வேலைநாள். கூலி உயர்வைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஆளை வேலைக்கு அனுப்பும் கூடம். அதை இரு தரப்பும் சேர்ந்து நடத்த வேண்டும். ஆனால் பெயரைக் கூப்பிடுகிறவர் தொழிலாளர்களின் சொந்தச் சங்கம் தேர்ந்தெடுத்தவர். யார் குறைந்த மணி நேரம் வேலை பார்த்திருக்கிறாரோ அவருக்கு முதல் அழைப்பு. விரல் நீட்டிய இடத்தில் ஒரு கணக்கு நோட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. நம் நாட்டிலும் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்த 1948இல் சட்டம் வந்தது. மண்டிக்கு வரவில்லை.

இந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற பிரிட்ஜஸை அமெரிக்க அரசு சும்மா விடவில்லை. கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடு கடத்தப் பார்த்தது. 1945இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதே ஆண்டு குடியுரிமையும் பெற்றார். பிறகு குடியுரிமை வாங்கும்போது பொய் சொன்னார் என்று இன்னொரு வழக்கு. அதுவும் 1953இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. பிறகு 1958இல், ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணான நொரிகோ சவாடாவை மணக்க நெவாடா மாநிலத்துக்குப் போனால், இனம் வேறு, பதிவு செய்ய முடியாது என்றார்கள். அங்கேயும் கோர்ட்டுக்குப் போய் வென்றுதான் தாலி கட்டினார் என்று நம் பாணியில் சொல்லலாம்.

எனக்கு அவரோடு வழக்கு இருப்பது, முதலாளிகளோடு அவருடைய சங்கம் போட்ட 1960 ஒப்பந்தத்தில். இயந்திரங்கள் வரட்டும், தடுக்க மாட்டோம். பதிலுக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் தொழிலாளர் நிதிக்குத் தாருங்கள் என்று சங்கம் ஒப்புக்கொண்டது. பதிவு பெற்ற தொழிலாளிக்கு வேலை உத்தரவாதம், முன்கூட்டியே ஓய்வு பெற்றால் பணம். எப்படியும் வரப்போகிற இயந்திரத்துக்கு விலை வைத்தது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த விலை அன்று வேலையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. பின்னால் வர வேண்டிய பிள்ளைகளின் வேலையையும் சேர்த்தல்லவா விற்றார்கள்? அந்த மனக்கசப்பும் சேர்ந்துதான் 1971இல் தொடங்கிய வேலைநிறுத்தம் இடைவெளியோடு 134 நாள் நீண்டது. 1977இல் அவர் ஓய்வு பெற்றார். 1990இல் தம் 88ஆம் வயதில் காலமானார்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நின்று பாருங்கள். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகக் கடந்துபோகும். கதவில் சீல் வைத்திருக்கும். ஒருமுறை அப்பாவை அந்த வழியே பஸ்ஸில் அழைத்துப்போனேன். ஒரு கண்டெய்னரையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இதில் கொக்கியை எங்கேடா மாட்டுவது?"