"ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்து வராதீர்கள்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில், படிப்பை முடிக்கப்போகும் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊரிலிருந்து வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒரு பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர். எந்தப் பக்கம் போனாலும் நேர்காணலின் கடைசியில் ஒரு கேள்வி வரும். கஞ்சிக்கோட்டில் மலையாளத்தில் "எந்தெங்கிலும் சோதிக்கானுண்டோ?" என்பார்கள், கோயம்புத்தூரில் "ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். நம் பிள்ளைகள் சொல்லும் பதில் மட்டும் மாறுவதே இல்லை. "ஒண்ணும் இல்ல சார்."

நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதில் எனக்கு வருத்தம் தரும். அதுவரை நன்றாகப் பேசிய பெண், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவளுக்குக் கேட்க ஆயிரம் இருக்கும். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்த்துவிட்டோம். ஆனால் அந்த மேசையில் நடப்பது பெண் பார்க்கும் சடங்கு மாதிரி ஒரு பக்கத் தேர்வு அல்ல. உங்கள் எட்டு மணி நேரத்தை, சில வேலைகளில் உங்கள் இரவுத் தூக்கத்தையும், அவர்களிடம் கொடுக்கப்போகிறீர்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

முதலில் கேட்க வேண்டியது வேலையைப் பற்றி. "நான் சேர்ந்தால் முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இந்தப் பையன் வேலைக்குள் மனசால் ஏற்கெனவே வந்துவிட்டான் என்று அவருக்குத் தோன்றும். எனக்குத் தோன்றியிருக்கிறது. அப்புறம், "இது புது இடமா, யாராவது விட்டுப் போன இடமா?" என்று கேளுங்கள். பதவி உயர்வில் போனார் என்றால் நல்ல சேதி. ஒரே வருஷத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கவனியுங்கள். கம்பெனி என்ன தயாரிக்கிறது என்பதை மட்டும் அங்கே போய்க் கேட்காதீர்கள். அது வீட்டிலேயே தெரிந்துகொண்டு போக வேண்டியது.

அடுத்தது, நம் பகுதியில் அதிகம் பேர் ஏமாறும் இடம். "நான் கம்பெனி ரோலில் வருகிறேனா, கான்ட்ராக்டர் ரோலிலா, அப்ரண்டிஸா?" ரோல் என்றால் உங்கள் பெயர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்பது. இதைக் கேட்காமல் எழுந்திருக்கவே கூடாது. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியில் சேருகிறவர் தொழிலாளி கணக்கில் வரமாட்டார். உதவித்தொகை உண்டு, பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கம்பெனியில் ஒரு வருஷம் மெஷின் பழகுவது பெரிய சொத்து. நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

சம்பளம் கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்காவிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். "மாசம் 17,000" என்கிறார்கள். உள்ளே பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 12,000, படிகள் 3,000. ஆக 15,000. அவர்கள் கட்டும் பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் என்றால் 1,440, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு 15,000-த்தில் 3.25 சதவீதம் என்றால் 488. இதையும் சேர்த்துத்தான் கிட்டத்தட்ட 17,000 என்றார்கள். உங்கள் பங்காக இன்னொரு 1,440-ம், இ.எஸ்.ஐ.க்கு 113-ம் பிடிப்பார்கள். கைக்கு வருவது 13,447. இதில் திருட்டு எதுவும் இல்லை, பி.எஃப். உங்கள் பணம்தான். ஆனால் 17,000 என்று நம்பி அறை வாடகையும் வண்டித் தவணையும் போட்டவன் முதல் மாசமே கடன் வாங்குவான். அதனால் "பிடித்தம் போக கைக்கு எவ்வளவு வரும் சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஷிஃப்ட் என்ன, ராத்திரி ஷிஃப்ட் முடித்தால் வண்டி விடுவார்களா என்பதையும் கேளுங்கள். எல்லை தாண்டி வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு இது முதல் கேள்வியாகவே இருக்கலாம்.

போனஸ் விஷயத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் தீபாவளிக் கணக்கு, இந்தப் பக்கம் ஓணக் கணக்கு. சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இன்னும் ஒன்று. "ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் யோசியுங்கள். சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. சேருவதற்கு முன்பணம் கட்டச் சொன்னால் யோசிக்கவும் வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

மொழியை நினைத்துத் தயங்காதீர்கள். கஞ்சிக்கோட்டில் தமிழ் புரியாத மேனேஜரை நான் பார்த்தது அரிது. "தமிழில் கேட்கட்டுமா சார்?" என்று அனுமதி கேட்டுவிட்டுத் தமிழிலேயே கேளுங்கள். உடைந்த ஆங்கிலத்தில் பாதி கேட்டு நிறுத்துவதைவிடத் தெளிவான தமிழில் முழுசாகக் கேட்பது நூறு மடங்கு மேல். கேள்விகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி எடுத்துப் போகலாம், அதைப் பார்த்துப் படிக்கவும் செய்யலாம். தயாராக வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன்.

பேச்சு போதும், வாய் பழக வேண்டும். முன்வரிசையில் இருக்கிற நீ வாம்மா, உனக்குப் பின்னால் அந்தத் தம்பியும் வரட்டும். நான் மேனேஜர். இந்த நாற்காலியில் உட்கார். "ஏதாவது கேக்கணுமா?"